பூ மாதிரி ஸ்டீரிங்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இல்லை, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாங்குமா என்று மட்டும்தான் கேட்டேன்.

இந்த வீட்டில் அதற்கு ஒரே பதில்தான். தாங்கும். மாமாவிடம் கேட்டால் தாங்குமாம். கௌசிக்கிடம் கேட்டால் "தாங்காம?" என்கிறான். அது பதில்கூட இல்லை. என் கேள்வியின் தலையில் இன்னொரு கேள்வி.

விஷயம் இதுதான். தோப்பில் தேங்காய் ஏற்றிய பழைய பிக்கப் வண்டி ஷெட்டில் நிற்கிறது. நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது மாமா வாங்கியது. அதன் முதுகில் ஒரு பெட்டி செய்து ஏற்றப் போகிறார்கள். பெட்டிக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர், எல்லாம். ஆயுத பூஜைக்கு மறுநாள் நாங்கள் நான்கு பேரும் அதில் வால்பாறை போகிறோம். கௌசிக் அதை கேம்பர் என்கிறான். அத்தை கேரவான் என்கிறார். மாமா பொட்டி என்கிறார். மூவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்புகிறேன்.

கௌசிக் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவன். எனவே சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிறான். நான் தத்துவம் படித்தவள். எனவே அவனைக் கல்யாணம் செய்துகொண்டு பொள்ளாச்சியில் இருக்கிறேன்.

மாமாவின் தர்க்கம் மிகச் சுருக்கமானது. "ரெண்டு டன்னு தேங்கா ஏத்தீட்டு பாலக்காடு போன வண்டி அம்மிணி. நாலு பேரத் தாங்காதா?"

தேங்காய்க்கு நடுவில் யாரும் படுத்துக்கொண்டு போகவில்லையே மாமா என்று சொல்ல வந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

படுத்துக்கொண்டு போகப்போவது அத்தை. பஸ்ஸில் மலை ஏறினால் அவருக்கு வளைவுக்கு வளைவு வாந்தி. படுத்த வாக்கில் ஒரே ஒரு தடவை வால்பாறை ஏற வேண்டும். வேறு ஆசை எதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வண்டிக்கு ஆயில் மாற்றினார்கள். டாக்டர் எனக்கு இரும்புச்சத்து மாத்திரையை மாற்றினார். இரண்டு பேருமே தேறிவிடுவோமாம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பட்டறைக்குப் போனோம். உடுமலை ரோட்டில் இருக்கிறது. லாரிக்கும் டெம்போவுக்கும் பாடி கட்டுகிறவர், பெயர் சகாயம். சட்டைப் பையில் ஸ்பேனரும் ஜெபமாலையும் ஒன்றாக வைத்திருக்கிறார். எது எப்போது தேவைப்படும் என்று தெரியாத தொழில்போல.

கௌசிக் செல்போனில் ஒரு வெளிநாட்டு வீடியோ காட்டினான். மெல்லிய மரச் சட்டம், உள்ளே நுரைப் பலகை, வெளியே காகிதம்போல் தகடு. இரண்டு பேர் சேர்ந்து கையால் தூக்குகிறார்கள். சகாயம் கடைசிவரை மரியாதையாகப் பார்த்தார்.

"அட்டப்பொட்டிங்க இது. நம்ம ரோட்டுல ஒரு மழைக்கு ஊறிப் போயிரும். ஆங்கிள் போட்றலாங்க."

ஆங்கிள் என்றால் இரும்பு. பெட்டி கனமாகாதா என்று கேட்டேன். ஆகுமாம். அதற்கு வண்டியின் பின்பக்க ஸ்பிரிங்கில் இன்னும் ஒரு பட்டை சேர்த்துவிடுவாராம். அப்போது?

"தாங்குமுங்க."

அடுத்த கேள்வி என்னிடம் இருந்தது. என்னவென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. தெரியாத கேள்வியைக் கேட்கும் பழக்கம் பல்கலைக்கழகத்தோடு போயிற்று.

ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்ல வேண்டாமா என்று வரும் வழியில் கேட்டேன். கேட்டால்தானே கூடாது என்பார்கள் என்றான் கௌசிக். இவனுக்கு அல்லவா தத்துவத்தில் பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வாஸ்துக்காரர் வந்தார். வண்டிக்கு.

நான் கேலியாக எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். உள்ளது உள்ளபடி. வெள்ளை வேட்டி, கையில் திசைகாட்டி. அத்தை பின்னாலேயே செம்பில் மோர் எடுத்துக்கொண்டு நடந்தார். வண்டி கிழக்கே பார்த்து நின்றது. அதனால் கிழக்கு வாசல் என்று முடிவானது. டிரைவருக்குப் பின்னால் வலதுபக்கம் அக்னி மூலை, அங்கே அடுப்பு. பின்கோடியில் வலதுபக்கம் கன்னி மூலை. அதுதான் இருப்பதிலேயே உயரமாக, கனமாக இருக்க வேண்டுமாம். தண்ணீர்த் தொட்டி அங்கே. மேலே.

"வண்டி திரும்பினா மூலையும் திரும்புமில்லங்க?" என்று கேட்டேன். கௌசிக் என் காலை மிதித்தான்.

வாஸ்துக்காரர் கோபப்படவில்லை. நிற்கும் இடம்தான் கணக்கு, ஓடுவது கணக்கில்லை என்றார். ஓடுவது கணக்கில் வராத வண்டி. குறித்துக்கொண்டேன்.

போகும்போது வீட்டின் தென்மேற்குப் பக்கமும் ஒரு நடை போய்ப் பார்த்தார். அங்கே தரையில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஏப்ரலில் அத்தை ஆள் வைத்து மண் கொட்டி மூடினார். கன்னி மூலையில் பள்ளம் இருக்கக் கூடாதாம். இப்போது அங்கே சிமெண்ட் பூசியிருக்கிறது. நான் துணி காயப்போடுகிறேன்.

செப்டம்பர் 6, சனி

கடப்பா கல் வந்து இறங்கியது. பெட்டிக்குள் இருக்கும் சமையல் மேடைக்கு. தகரத்தின் மேல் எவளாவது அடுப்பு வைப்பாளா என்று அத்தை கேட்டார். மேடைக்கு ஒரு கல், அடியில் பாத்திரம் அடுக்க ஒரு கல், சாமி படத்துக்குச் சின்னதாக ஒரு கல். உலகத்தில் வேறு எங்கேயும் மனிதர்கள் வண்டிக்குள் கல்லை ஏற்றி மலைக்குப் போவதில்லை. அங்கேயே நிறைய இருக்கிறது.

இதையும் சொல்லவில்லை. மேடையின் உயரம் எனக்குச் சரியாக இருக்கிறதா என்று அத்தை என்னைத்தான் நிற்க வைத்து அளந்தார். குனிந்தால் எனக்கு இடுப்பு வலிக்கும் என்று அவருக்கு நினைவிருக்கிறது.

செப்டம்பர் 11, வியாழன்

கூரைமேல் கறுப்புத் தொட்டி ஏறிவிட்டது. சின்ன பம்பு வைத்தால் தொட்டியைத் தரையில் வைக்கலாமே என்றேன். "கரண்ட் போனா?" என்றார் அத்தை. தண்ணீர் மேலிருந்துதான் விழ வேண்டும். நமக்கு அருளும் அப்படித்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெட்டி வண்டியில் ஏறியது. தேங்காய் உடைத்தார்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு வரை கௌசிக் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"முன்னாடியெல்லாம் ரெண்டு கையும் போட்டு இழுக்கோணும். இப்ப ஸ்டீரிங் பூ மாதிரி இருக்குது. ஒரு வெரல்ல ஓட்டலாம்."

மாமாவும் ஓட்டிப் பார்த்தார். பூதான். அத்தை வாஸ்துக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னார். அங்கேயும் மகிழ்ச்சி.

மதியம் கௌசிக்கின் பெரியம்மா பெட்டியைப் பார்க்க வந்தார். படுக்கையைத் தட்டிப் பார்த்தார், கல்லைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். விசேஷம் ஏதாவது உண்டா என்று கேட்டார். என்னை அல்ல. என்னைத் தாண்டி, அத்தையை.

அத்தை கரண்டியைக் கீழே வைக்காமல் சொன்னார். "வீட்டுல கன்னி மூலை செரியில்லாம இருந்துச்சுக்கா. குழியக் கட்டுனது நாங்க. அந்தப் புள்ள என்ன பண்ணும். இப்ப மூடியாச்சு."

பெரியம்மா தலையாட்டினார். எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு குழி, ஒரு மூலை. அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாயசம் குடித்துவிட்டுப் போனார்.

மார்ச்சில் எனக்குக் கலைந்தது. எழுதிவிட்டேன். மேலே போகலாம்.

வண்டி நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

இருட்டுகிற நேரம் கௌசிக்கோடு ஆனைமலை வரை போய் வந்தேன். தனியாக இருக்கும்போது அவன் எனக்கு நீ. அத்தை எதிரில் நீங்க. அதனால் வண்டிக்குள் சுதந்திரமாகத் திட்ட முடிந்தது. திட்ட வேண்டியும் இருந்தது.

எதிரே வந்த எல்லோரும் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். அவன் மறுபடி மறுபடி பார்த்தான். டிம்மில்தான் இருந்தது. ஒரு லாரிக்காரர் வண்டியை எங்கள் பக்கத்தில் நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, ரோட்டுக்கு லைட்டப் போடுங்க. காக்காக் கூட்டுக்கு எதுக்குப் போடறீங்க?"

அப்போதுதான் பார்த்தேன். எங்கள் வெளிச்சம் ரோட்டில் இல்லை. புளியமரத்து உச்சியில் இருந்தது. இலை இலையாகத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது.

வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ரோடு இடதுபக்கம் திரும்பியது. கௌசிக் ஸ்டீரிங்கைத் திருப்பினான். வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. தத்துவம் படித்த வண்டி.

"என்னடா அது?"

"பட்டை புதுசு. பழகிரும்."

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் ஷெட்டுக்குப் போய் முன்சக்கரத்துக்கும் அதன் மேல் இருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன். போன மாதம் வண்டி கழுவும்போது விரல்கள்தான் நுழைந்தன. இன்று முழங்கைவரை போனது. பின்சக்கரத்துக்குப் போனேன். உள்ளங்கைகூட நுழையவில்லை.

கல், இரும்பு, தண்ணீர், எல்லாம் பின்னால். தொட்டி பின்சக்கரத்துக்கும் பின்னால், உச்சியில். பின்பக்கம் உட்காருகிறது, முன்பக்கம் எழுகிறது. பள்ளிக்கூடத்து ஏற்ற இறக்கப் பலகையில் குண்டுப் பையனுக்கு எதிரே உட்கார்ந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

முன்சக்கரம் தரையை அழுத்தவில்லை. அதனால்தான் ஸ்டீரிங் பூ.

மாமா ஏற்றிய தேங்காய் தாழ்வாக, முன்னும் பின்னும் சமமாகக் கிடந்தது. அதை இந்த வண்டி தாங்கியது பொய்யில்லை. இதையும் தாங்கும். தாங்கிக்கொண்டே போய், ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில், திருப்பிய பக்கம் திரும்பாமல் நேராகப் போகும். எல்லோரும் ஒரே கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறோம். தாங்குமா. திரும்புமா என்று நான் கேட்கவில்லை. இறங்கும்போது நிற்குமா என்றும் கேட்கவில்லை.

சகாயத்துக்குப் போன் செய்தேன். வண்டி தாங்குகிறதா என்று அவர் முந்திக்கொண்டு கேட்டார். தாங்குகிறது என்றேன். அப்புறம் என்னங்க என்றார். தொட்டியை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். சாமியார் ஒருத்தர் சொன்னதாக அம்மா சொன்னார்களே, தான் வேறு மதம், இதிலெல்லாம் தலையிடுவதில்லை என்றார். பண்பானவர்.

கௌசிக்கை ஷெட்டுக்கு அழைத்துவந்து அவன் கையை விடச் சொன்னேன். விட்டான். எடுத்தான். துடைத்துக்கொண்டான். அவன் முகம் மாறவே இல்லை. அப்போதுதான் புரிந்தது. அவனுக்கு முன்பே தெரியும்.

"எப்பருந்து?"

"ஓட்டுன அன்னிக்கே. பூ மாதிரி இருக்குதுன்னு வாய் சொல்லுச்சு. கை வேற சொல்லுச்சு."

"அப்ப எறக்க வேண்டியதுதானே?"

"தொட்டிய அந்த மூலைல இருந்து எடுக்கோணும்னு அம்மாகிட்ட யாரு சொல்றது? மூலையெல்லாம் சும்மான்னு ஆயிருச்சுன்னா, அப்புறம் மார்ச்சுல நடந்ததுக்கு..."

ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்து ஹெட்லைட் இரண்டையும் கீழே பார்க்கும்படி திருகினான். காய்ச்சல் அப்படியே இருக்கிறது. தெர்மாமீட்டரைச் சரிசெய்துவிட்டான். நல்ல இன்ஜினீயர்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அத்தையிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

சொல்லவில்லை. இட்லிக்கு அரைத்தேன்.

அத்தை ஒரு தலையணைக்கு உறை தைத்தார். கேரவானுக்கு. எந்தப் பக்கம் தலை வைக்கலாம் என்று என்னைக் கேட்டார். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் பக்கத்தைக் காட்டினார். அங்கேதான் ஜன்னல் இருக்கிறதாம். மலை தெரியுமாம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஒத்திகை பார்க்கிறேன். அத்தை, வாஸ்து என்பது ஒரு நம்பிக்கை, இயற்பியல் என்பது வேறு. இப்படித் தொடங்கினால் எனக்கே என்னைப் பிடிக்காது. அத்தை, அதெல்லாம் ஒன்றுமில்லை, தொட்டியை எடுத்துவிடலாம். இப்படிச் சொன்னால் அவர் எடுத்துவிடுவார். ஒன்றும் கேட்க மாட்டார். ஏப்ரலில் கொட்டிய மண்ணையும் சேர்த்து எடுத்ததாகிவிடும். அடுத்த முறை பெரியம்மா வரும்போது இந்த வீட்டில் காரணம் சொல்லக் குழி இருக்காது. நான்தான் இருப்பேன்.

பேசாமல் போய்விடலாம் என்றும் தோன்றியது. மெதுவாக ஓட்டினால். கௌசிக் கெட்டிக்காரன். தாங்கும்.

மற்றவர்களைப்போல் இந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிந்தது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினார்கள். நாளைக்காக மாமா தொட்டியை விளிம்புவரை நிரப்பினார். நான் வண்டிக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பர் பிளேட்டில் வைத்த பொட்டு மெல்ல மேலே போனது. வேறு யாரும் பார்க்கவில்லை. கௌசிக் பார்த்தான். பார்த்துவிட்டுச் சுண்டல் எடுக்க உள்ளே போனான்.

பூஜை முடிந்து அத்தை பெட்டிக்குள் ஏறித் தலையணையைப் போட்டார். சும்மா ஒரு நிமிடம் படுத்துப் பார்த்தார். காலை நீட்டினார். சிரித்தார். அப்போது நான் உள்ளே ஏறி, கடப்பா கல்மேல் உட்கார்ந்தேன்.

"அத்தை, நாளைக்கு நாம எந்தப் பக்கமாப் போறோம்?"

"வால்பாறைக்குத்தான்."

"தெச கேக்கறேன்."

யோசித்தார். "தெக்க."

"வழி பூரா தெக்க பாத்துத்தானே போறோம். அப்ப கன்னி மூலை எங்க வரும்?"

அத்தை எழுந்து உட்கார்ந்தார். கையை நீட்டி, மடக்கி, விரலால் தலையணை உறையில் ஒரு வண்டி வரைந்தார். அதைத் திருப்பினார். டிரைவர் சீட்டின் மேல் விரலை வைத்தார்.

"ஆமாத்தை. டிரைவர் பக்கம். பாரமெல்லாம் அங்கதான் இருக்கோணும். இப்பத் தொட்டி இருக்கறது என்ன மூலை?"

"வாயு மூலை."

"வாயு மூலைல பாரம் வெச்சா வண்டி என்னாகும்? காத்து தூக்கும். முன்னாடிச் சக்கரம் நெலத்துல நிக்காது. வேணும்னா வந்து கைய விட்டுப் பாருங்க."

நான் சொன்னதில் பாதி அபத்தம், பாதி உண்மை. எந்தப் பாதி எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எம்.ஏ.வில் இந்த அளவு சுத்தமாக ஒரு வாதத்தை நான் கட்டியதில்லை.

அத்தை இறங்கிவந்தார். முன்சக்கரத்தில் கையை விட்டார். முழங்கைவரை போனது. வளையல் தகரத்தில் பட்டுச் சத்தம் வந்தது. பின்சக்கரத்தில் விட்டார், போகவில்லை. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ எப்பருந்து அம்மிணி இதையெல்லாம் நம்பறே?"

"இன்னைலருந்து."

சிரிக்கவில்லை. வாயு மூலை, வாயு மூலை என்று தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். புதுச் செருப்பில் நடந்து பார்ப்பதுபோல்.

"செரி. கேக்கறவங்களுக்கு இதச் சொல்லிக்கலாம். நம்புவாங்க."

கேட்கிறவர்களுக்கு. அந்த இடத்தில் எனக்கு ஏதாவது கேலியாகத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"வீட்டு மூலை வீட்டு மூலைதான்," என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல். "அது ஓடறதில்ல. அத மாத்திப் பேச வேண்டாம்."

"வேண்டாம் அத்தை."

கல்லும் வேண்டாமா என்று கேட்டார். கல்லும் வேண்டாம் என்றேன். கொஞ்சம் வருத்தம்தான். பெட்டிக்குள் எட்டி மேடையை ஒரு தடவை தடவிவிட்டார். கௌசிக் சுண்டலோடு வந்து நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தொட்டியை இறக்கப் போகிறோம், கல்லையும் என்று அவனிடம் சொன்னேன். மலைக்கு இப்போது இல்லை. சகாயம் இரும்பைக் குறைத்துக் கொடுத்து, எடைமேடையில் முன்சக்கரத்தைத் தனியாக, பின்சக்கரத்தைத் தனியாக ஏற்றிப் பார்த்த பிறகுதான். அத்தை எதிரில் இருந்ததால் எல்லாவற்றையும் நீங்க போட்டுச் சொன்னேன். சரிங்க என்றான். மாமா மட்டும் இரண்டு டன் தேங்காயைப் பற்றி ஆரம்பித்தார். அத்தை ஒரு பார்வை பார்த்தார். தேங்காய் இறங்கிவிட்டது.

"நாளைக்கு ஆழியாறு அணைவரைக்கும் போலாம்," என்றார் அத்தை. "சமதரையாத்தான் இருக்கும். நான் பின்னாடி வரல. உங்கூட முன்னாடியே உக்காந்துக்கறேன். அங்க போயி நிறுத்தி, அப்புறம் படுத்துக்கறேன். அடிவாரத்துல படுத்தாலும் மலை தெரியும்."

கௌசிக் ஏணி கொண்டுவந்து சாய்த்துப் பிடித்துக்கொண்டான். நான் ஏறித் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டேன். தண்ணீர் கறிவேப்பிலைச் செடிப் பக்கம் ஓடியது. முழுவதும் வடிந்த பிறகு இறங்கி வந்து, நாளைக் காலைப் புளிச்சோற்றுக்குப் புளி ஊறவைத்தேன்.